ரீத்தாவை விட்டு நாங்கள் நகர்ந்து நின்ற காரணம்

நேற்று பயிற்சி முடிந்ததும் ரீத்தா பாட்டுப் புத்தகத்தை என் கையில் திணித்தாள்.

"இனிமே நான் வரலக்கா. வேற ஆளைப் பாத்துக்குங்க."

மாதா திருவிழா அடுத்த வாரம்! எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் தனிக்குரல் பாட்டு அவளுடையது. (மூவார் ஊர் முழுக்கத் தேடினாலும் அந்தக் குரல் கிடைக்காது.)

"ஏன்டி?" என்றேன்.

"நான் ரப்பர் தோட்டத்துலேர்ந்து வந்தவதானே? நான் போய் நின்னா எல்லாரும் நகர்ந்து நகர்ந்து போறாங்க. டவுன் ஆளுங்க பக்கத்துல நாங்க நிக்கக்கூடாதா?"

நகர்ந்தது உண்மை. நானும்தான் நகர்ந்தேன்.

ஆனால் காரணம் அதுவல்ல. கொஞ்ச நாளாக ரீத்தாவிடம் வியர்வை நாற்றம். ஜொகூர் வெயிலில், காற்றே வராத அறையில், தோளோடு தோள் உரச நின்று பாடுகிறோம்! எல்லோருக்கும் தெரியும். அவள் மனம் நோகக்கூடாது என்று யாரும் வாய் திறக்கவில்லை.

இப்போது அதைவிட மோசமாக நொந்திருக்கிறது. கான்வென்ட்டில் படித்தவள் நான், சுற்றி வளைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

"தோட்டமும் இல்ல, டவுனும் இல்ல. உன்கிட்ட வேர்வை வாடை அடிக்குதுடி. டியோடரண்ட் போடறியா இல்லையா?"

"அலமாக்! நிஜமாவாக்கா?"

வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நிறுத்திட்டேன்க்கா. வாட்ஸ்அப்புல வீடியோ வந்துச்சு. அதுல உள்ள கெமிக்கல் மார்புல கேன்சர் கொண்டாந்துடுமாம். வேர்வைய அடைச்சா விஷம் உள்ளயே தங்கிடுமாம். இப்ப எலுமிச்சைதான் தேய்க்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் அடுத்துச் சொன்னதும் அடங்கிவிட்டது.

"எங்க அக்கா அதுலதானே போனா."

அதே வீடியோ எனக்கும் வந்தது. (அனுப்பியவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்!) அப்போதே என் டாக்டரிடம் கேட்டேன். உடம்பின் கழிவை வெளியேற்றும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும்தான், அக்குளுக்கு அல்ல என்றார். டியோடரண்டால் புற்றுநோய் வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தோல் அரித்தால் நிறுத்துங்கள், அவ்வளவுதான்.

என் கணவர் பாசிர் கூடாங்கில் ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். "பேரு நீளமா இருந்தா பயந்துடாதே, எவ்வளவு இருக்குன்னு கேளு" என்பார். அதையும் ரீத்தாவிடம் சொன்னேன்.

"அக்காவுக்கு இருந்துச்சுன்னா நீ பயப்படறது சரி. மாமோகிராம் எடுத்தியா?"

"இல்லக்கா. பயமா இருக்கு."

"பாட்டிலுக்கும் பயம், மிஷினுக்கும் பயமா? வியாழக்கிழமை ரெடியா இரு. நானே கூட்டிட்டுப் போறேன்."

தலையாட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ... தோட்டத்துக்காரின்னு இல்லையே?"

"இல்லடி!"

"நாத்தம் மட்டும்தானே?"

"நாத்தம் மட்டும்தான்!"

நாற்றம் என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை. புத்தகத்தை வெடுக்கென்று திரும்ப வாங்கிக்கொண்டாள்.

(அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "போடுங்கக்கா, மத்தவங்களாவது அந்த வீடியோவ நம்பாம இருக்கட்டும்" என்றாள்.)

வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"நீங்க நேரா சொன்னீங்க. நானும் ஒண்ணு சொல்லலாமாக்கா?"

"தாராளமா."

"மேல் சுருதியில நீங்க பாடறது கேக்கவே முடியல லா. அதனாலதான் மைக்கை உங்க பக்கம் வைக்கறதில்ல."

மைக் வயர் அவ்வளவு தூரம் வராது என்றல்லவா என்னிடம் சொல்லியிருந்தார்கள்!

குழுவில் உள்ளவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அவள் சொன்னது நிஜமா?