கம்பி கட்டிய வாய்

பக்கத்து வீட்டுக்காரர் மாதவரம் பக்கம் பைக்கில் விழுந்து தாடையை உடைத்துக்கொண்டார். எலும்பைச் சேர்க்க உள்ளே உலோகப் பிளேட் வைத்தார்கள். நாலைந்து நாளில் மாடியில் நின்று போனில் சண்டை போடுகிறார். கேட்டுக்கொண்டே டீ குடித்தேன்.

நான் முகம், தாடை ஆபரேஷன் வார்டில் உதவியாளராக இருந்தவன். படிப்பு எட்டாவதோடு சரி. அப்போது எங்களிடம் பிளேட் கிடையாது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் முறுக்கிவிடுவார்கள். ஒன்றரை மாதம் வாய் திறக்காது. கஞ்சியைப் பல் இடுக்கில் உறிஞ்ச வேண்டும். வாந்தி வந்தால் மூச்சு அடைக்கும். உடனே கம்பியை வெட்ட, கழுத்தில் கயிறு போட்டு ஒரு கட்டர் தொங்கும். கட்டிவிடுவது என் வேலை. தாலி கட்டுவதுபோல இருக்கும். முரட்டு ஆளெல்லாம் வெட்கப்படுவான்.

அந்தோணி காசிமேட்டில் மீன் ஏலம் கூவுகிறவர். படகில் வலை இழுக்கும் விஞ்சுக் கயிறு அறுந்து தாடையில் அடித்தது. குரல்தான் பிழைப்பு. ஒன்றரை மாதம் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நின்றுவிடுவான். வீட்டுக்கு அனுப்பிய வாரமே, கழுத்தில் கட்டரோடு போய், கடித்த பல்லோடு கூவியிருக்கிறார். கம்பி தளர்ந்து, கன்னம் வீங்கித் திரும்பி வந்தார். டாக்டரம்மா திட்டிக்கொண்டே மறுபடி முறுக்கினார். இன்னொரு தடவை தளர்ந்தால் வாய் கோணிவிடும் என்றார்.

அவர் மனைவி ஸ்டெல்லா கட்டில் பக்கத்தில் நின்று, "நாளைக்கு நான் போய் கூவறேன்" என்றார்.

அந்தோணி மூக்கால் ஏதோ முனகினார்.

"இன்னா ம்ம்? கம்முனு கெட."

போனார். முதல் நாள் ஏலத்துக்கு வந்தவர்கள் சிரித்தார்களாம். வீடு திரும்பிய பிறகு அந்தோணியும் பக்கத்தில் நின்று விரலால் விலை காட்டினாராம். கொஞ்ச நாளில் அதற்கும் தேவை இல்லாமல் போயிற்று.

கம்பி எடுத்த அன்று அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். வாய் ஒரு விரல் அளவு திறந்தது.

"யோவ், நாளைக்கு வந்து உன் எடத்துல நில்லு. நான் வூட்டப் பாக்கறேன்," என்றார் ஸ்டெல்லா.

எச்சில் வழிய, அந்தோணி மெதுவாகச் சொன்னார். "நீயே கூவு. நான் கூடை தூக்கறேன். கேட்டுகினு இருப்பேன்."

அந்த அம்மாள் முந்தானையால் அவர் வாயைத் துடைத்தார்.

இப்போது அந்த வார்டில் கம்பி கட்டுவது அபூர்வம். நல்லதுதான். அப்போதெல்லாம் சாயங்காலம் வீட்டு ஆட்களை உள்ளே விடும்போது, ஆண்கள் வரிசையாக வாய் மூடிப் படுத்திருப்பார்கள். பெண்கள் மட்டும் பேசுவார்கள். வாடகை, மாமியார், பிள்ளை, எப்போதோ பட்ட அடி. குறுக்கே ஒரு சொல் வராது. பெல் அடித்த பிறகும் சிலர் எழுந்திருக்க மாட்டார்கள். நானும் விரட்டியதில்லை.

அப்படி ஒரு மணி நேரம் இனி எந்த வார்டிலும் கிடைக்காது.