ரோலாவில் நான்கு சிமென்ட் டின்கள்

வேனில் பால் போடுகிறவனுக்கு எந்தக் கடையில் எத்தனை பாக்கெட் போகும் என்பது ஒரு மாதத்தில் பழகிவிடும். வண்டியை எங்கே நிறுத்துவது என்பது பதினாறு வருஷம் ஆனாலும் பழகாது. நான் ஷார்ஜா ரோலாவில் கடை கடையாகப் பாலும் தயிரும் போடுகிறவன். கீழே எழுதியிருப்பதில் ஒரு விஷயத்தை மட்டும் பல வருஷமாகச் சந்தேகப்பட்டு வருகிறேன். முதலில் நம்பினேன், நம்பியதை இன்னொருவரிடம் சொன்னேன், அதன் பிறகுதான் சந்தேகப்பட்டேன். இந்த வரிசைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

கல்ஃபில் ஏதாவது ஒரு பழைய தெருவில் ஹஸார்டு லைட்டைப் போட்டுவிட்டுக் கடைக்குள் ஓடியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. பழைய கோபம் திரும்ப வரலாம்.

பப்ளிக் யார்?

என்னை முதன்முதலில் விரட்டியது ஒரு மொபைல் கடை. கடைக்கு எதிரே தெருவோரப் பார்க்கிங்கில் இரண்டு பெயின்ட் டின். உள்ளே சிமென்ட் ஊற்றி, நடுவில் பிளாஸ்டிக் குழாயை நட்டு, குழாய்க்குச் சிவப்பு டேப் சுற்றியிருந்தார்கள். பார்த்தால் அரசாங்கமே வைத்தது போல இருக்கும். நான் இறங்கி டின்னைத் தொடுவதற்குள் கடைக்காரர் வந்துவிட்டார்.

இது பப்ளிக் பார்க்கிங்தானே, கட்டணம் கட்டித்தானே நிறுத்துகிறேன் என்று என் அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. நிதானமாகச் சொன்னார்: "பப்ளிக் பார்க்கிங்தான் பாய், யார் இல்லைன்னு சொன்னது? அந்தப் பப்ளிக் எங்க கடைக்குத்தானே வருது?"

ஓடாத கார்

அடுத்த தெருவில் ஒரு துணிக்கடைக்காரர் டின் வைக்கவில்லை. பழைய வெள்ளைக் கார் ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார். நான் பார்த்த வரை அது ஒரு அடி நகர்ந்ததில்லை. முன் டயர் இரண்டும் தரையோடு சப்பையாகக் கிடந்தன. ஆனால் உடம்பு மட்டும் பளபளவென்று இருக்கும். தினமும் காலையில் கார் கழுவுகிற ஒருவர் வாளியும் துணியுமாக வந்து துடைப்பார். விழுப்புரம் பக்கத்துக்காரர். நான் மூன்று கடை தள்ளி, நிற்கிற கார்களை மறித்து டபுள் பார்க்கிங்கில் பயந்து பயந்து தயிர்ப் பெட்டியை இறக்கிக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், ஓடாத வண்டிக்கு எதுக்குய்யா இத்தனை குளியல் என்று கேட்டேன். தூசி படிந்தால் கைவிட்ட வண்டி என்று முனிசிபாலிட்டி நோட்டீஸ் ஒட்டித் தூக்கிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "நான் எங்கண்ணே வண்டியத் தொடைக்கிறேன்? எடத்தத் தொடைக்கிறேன்."

ஸ்டாக்

கீழக்கரைக்காரர் ஒருவரின் மளிகைக் கடை. நான் போகும்போதெல்லாம் பக்கத்து சலூன்காரன் நாற்காலி போட்டு இடம் பிடிக்கிறான் என்று என்னிடம் புலம்புவார். அவருடைய வெங்காய மூட்டையும் தண்ணீர் கேன்களும் இரண்டு கார் நிற்கிற இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதைக் காட்டினேன். முகத்தில் சின்ன அசைவுகூட இல்லை. "அவன் வச்சா ஆக்கிரமிப்பு தம்பி, நான் வச்சா ஸ்டாக்."

லாச்சிக்குள் ஒரு கடிதம்

சிரித்துவிட்டு வர முடியாத இடம் ஒன்று உண்டு. ஒரு பெரிய ரெஸ்டாரன்ட். அதன் முன்னால் நான்கு கார் நிற்கும் இடத்தில் நான்கு சிமென்ட் டின்கள். எங்கள் கம்பெனியிடம் அதிகமாகத் தயிர் வாங்குகிறவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குக் கொண்டுபோகும் தயிரைக்கூட அந்த இடத்தில் நிறுத்தி இறக்கவிட மாட்டார்கள்.

கல்லாவில் இருந்தவர் யோகன், யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையான மனிதர். ஒரு நாள் அவரிடம் கேட்டே விட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, நம்பும்படியாகச் சொன்னார். நானும் நம்பினேன். ஊராக இருந்தால் டின்னை உருட்டிவிட்டு அப்புறம்தான் பேசவே ஆரம்பித்திருப்பேன். இங்கே வாயைத் திறக்கும் முன் போலீஸ், ஸ்பான்சர் செய்கிற கஃபீல், விசா என்று மனசு ஓடுகிறது. எங்களுக்கு மூச்சுவிடவே பேப்பர் வேண்டியிருந்ததால், பேப்பர் இல்லாமல் இந்த நாட்டில் எவனும் ரோட்டில் ஒரு கல்லைக்கூட வைக்க மாட்டான் என்று நினைத்துவிட்டோம். யோகன் சொன்னது இதுதான்: "அண்ணை, அது எங்கட இடம். முனிசிபாலிட்டி தந்த கடிதம் முதலாளியின்ர மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. ஏன் வீணாப் பிரச்சினைப்படுறியள்?"

முருகேசன்

முருகேசன் அரியலூர்க்காரர், எங்கள் கம்பெனியில் இன்னொரு வேன் டிரைவர். அஜ்மானில் என் ரூமில்தான் இருந்தார். அந்த மாதம் டபுள் பார்க்கிங்குக்கு ஏற்கெனவே இரண்டு ஃபைன் வாங்கியிருந்தார். மூன்றாவது வந்தால் கம்பெனியில் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள். ஆகஸ்ட் மதியம். தெருவைப் பத்துத் தடவை சுற்றிவிட்டு, அந்த ரெஸ்டாரன்ட் வாசலில் இறங்கி, இரண்டு டின்களைத் தூக்கி நடைபாதையில் வைத்து, கட்டணம் கட்டி வேனை நிறுத்தியிருக்கிறார். ரெஸ்டாரன்ட் முதலாளி வேனின் பின்னால் எழுதியிருந்த கம்பெனி நம்பருக்குப் போன் போட்டு, இனி உங்கள் தயிர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். அந்த ஏரியா உனக்குத் தெரியும், அது யார் இடம் என்றார். அது ரிசர்வ் இடம், அவர்களிடம் பேப்பர் இருக்கிறது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எனக்கு முருகேசன் மேல் எந்தக் கோபமும் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறோம் என்றுதான் நினைத்தேன். முருகேசனை வண்டியிலிருந்து இறக்கிக் குளிர்கிடங்கில் மூட்டை தூக்கப் போட்டார்கள். ரெஸ்டாரன்ட் மறுபடி எங்கள் தயிரை வாங்க ஆரம்பித்தது. விசா முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. பெட்டி கட்டும்போது நான் உதவிக்குப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. பெட்டி மேல் முழங்காலை வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னார்: "போர்டப் படிச்சுட்டுத்தாண்ணே டின்னத் தூக்குனேன். நீங்களும் தெனம் அந்த வழியாத்தான போறீங்க."

மறுநாள் போய்ப் பார்த்தேன். பொதுப் பார்க்கிங், இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை கட்டணம் என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் நீல போர்டு. நான் ரோலாவுக்கு வந்த நாளிலிருந்து அங்கேயேதான் நிற்கிறது. நான் டின்னை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

முதலாளி இல்லாத டின்

அடுத்த வருஷம் ஒரு காலையில் முனிசிபாலிட்டி லாரி வந்து டின்களை அள்ளியது. ரெஸ்டாரன்ட் முதலாளி வாசலில் நின்று பார்த்தார். யாருடையது என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். கடிதத்தை எடுத்துக்கொண்டு வருவார் என்று நான் பைத்தியக்காரன் போலக் காத்திருந்தேன். வரவில்லை.

லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த பட்டான் தொழிலாளியிடம், இதற்கெல்லாம் சொந்தக்காரர் யார் என்று கேட்டேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "காலைலேர்ந்து நாலு தெரு முடிச்சாச்சு பாய். ஒரு டின்னுக்கும் முதலாளி கிடைக்கல."

பத்தே நாளில் புது டின்கள் வந்துவிட்டன. இந்த முறை மஞ்சள் பெயின்ட். அந்த முதலாளி மேல் எனக்குக் கோபம். இரண்டு வாக்கியத்தை வாங்கிக்கொண்டு ஒரு மனிதனை அனுப்பிய சூப்பர்வைசர் மேல் கோபம். அந்த இரண்டு வாக்கியத்தைக் கொடுத்தவன் மேல்தான் அதிகம். அவனை நான் தினமும் கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்துவிடுகிறேன்.

ரோலாவில் ஒரு சிமென்ட் டின்னுக்கு இருக்கிற வேலை உத்தரவாதம் ஒரு டிரைவருக்குக் கிடையாது என்பதுதான் என் பதினாறு வருஷத்துப் பாடம்.

போன வாரம் தயிர் இறக்கி முடித்ததும் கல்லாவின் முன்னால் போய் நின்றேன். யோகனுக்கும் தலை நரைத்துவிட்டது. பில்லில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளாமல் கேட்டேன்: "யோகன், அந்தக் கடிதத்த நீங்க ஒரு தடவையாவது கண்ணால பார்த்தீங்களா, இல்ல, என்னை மாதிரி யாரோ சொன்னதைத்தான் சொன்னீங்களா?"