அழுகிற தளபதியும் அன்புக்கரசியும்

அன்புக்கரசி நல்லவள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டு மாடியில் அவளோடு வருஷக்கணக்காகச் சேலை விற்றவள் நான். புதுக் கட்டு பிரிக்கும்போது கண்ணைப் பறிக்கிற கலர் நாலைந்து இருந்தால், மற்றவர்கள் பார்ப்பதற்குள் அவற்றைச் சாதாரணச் சேலைகளுக்கு அடியில் செருகிவிடுவாள். பக்கத்துக் கவுண்டரில் சொர்ணம் ஒரு குடும்பத்துக்கு முன்னால் சேலை சேலையாகப் பிரித்துப் போட்டு ஓய்ந்து நிற்கும்போது, "யக்கா, இப்டி வாங்க, உங்களுக்குன்னே ஒண்ணு கீது" என்று அவர்களை இழுத்துக்கொண்டு போய், ஒளித்ததை எடுத்து விரிப்பாள். பில் அவள் பெயரில் போகும். சொர்ணம் வாய்க்குள் திட்டிக்கொண்டே பிரித்ததையெல்லாம் மடிப்பாள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

என் பெயர் சிந்து, ஊர் திசையன்விளைப் பக்கம். அன்புக்கரசியைப் பற்றி எழுத உட்கார்ந்ததே கோபத்தில்தான். யார் மேல் கோபம் என்பது போகப் போகத் தெரியும்.

கடையின் மொட்டை மாடியில் எங்களுக்குச் சாப்பாட்டுக் கூடம். அங்கே எங்களோடு சேலை விற்கிற ஜமீலுன்னிசாவின் போனைச் சாம்பார் வாளியில் சாய்த்து வைத்து "விண்காவல்" பார்ப்போம். தமிழில் டப்பிங் செய்த வெளிநாட்டுத் தொடர். வானத்தில் மிதக்கிற ஒரு கோட்டை. மேல் தளத்தில் அதிகாரிகள், கீழ்த் தளத்தில் வேலையாட்கள். காற்றுக்கு எப்போதும் பற்றாக்குறை. இதுவரை மூன்று தொடர்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆட்கள் வேறு, காலம் வேறு. ஆனால் எல்லாவற்றிலும் கீழ்த் தளத்துக்குக் காற்று போகிற கதவை மூடுவதா வேண்டாமா என்ற இடம் ஒன்று வந்தே தீரும்.

முதல் தொடரின் தளபதி கோர்வான் சிரித்துக்கொண்டே மூடுவான். அவனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, படுபாவி, அவ்வளவுதான். மூன்றாம் தொடரின் தளபதி ஏடன்தான் எங்கள் ஆள். கீழ்த் தளத்துப் பிள்ளைகளின் பெயரெல்லாம் அவனுக்குத் தெரியும். உத்தரவு வந்த பிறகு அவனுக்குச் சோறு இறங்காது. கண்ணீர் வழிய வழியத்தான் கதவை மூடுவான். எவ்வளவு ஆழமான பாத்திரம், நல்லவனா கெட்டவனா என்று பிரித்துச் சொல்லவே முடியாத மனுஷன், கோர்வானுக்கும் இவனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்று இணையத்தில் ஆளாளுக்கு எழுதித் தள்ளியிருந்தார்கள். நாங்களும் அவனோடு சேர்ந்து அழுதோம். சோறு ஆறிப்போனது.

அன்புக்கரசி மட்டும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டாள். "இன்னாத்துக்குமே அயுவுறீங்கோ?"

"அவனுக்கு வேற வழியில்லைலா. மனசு கெடந்து துடிக்கி பாரு," என்றேன்.

"கதவ மூடுனானா இல்லியா?"

"மூடுனான். ஆனா..."

"சிரிச்சிக்கினே மூடுனாலும் அயுதுகினே மூடுனாலும் கீய கீறவனுக்கு மூச்சு முட்டத்தான் செய்யும். அவன் மன்சு துடிச்சா அது அவன் கஷ்டம். இவனுக்குப் போயி மூக்கச் சிந்திக்கினு."

அவளுக்குப் பிடித்தவன் இரண்டாம் தொடரில் வருகிற தோமா. காற்றுக் குப்பிகளைத் திருடிக் கள்ள விலைக்கு விற்கிறவன். கூடப் பிறந்தவனையே ஏமாற்றியவன். கடைசியில் மூடின கதவைத் திறந்துவிட்டு மாட்டிக்கொள்கிறவனும் அவன்தான். ஏன் திறந்தான் என்று தொடரில் எங்கேயும் சொல்லவில்லை. எழுதினவர்கள் சோம்பேறித்தனமாக எழுதிவிட்டார்கள், அயோக்கியன் திடீரென்று எப்படித் திருந்துவான் என்று நான் வாதாடினேன்.

"அவன் எங்க திருந்துனான்? அயோக்கியன்தான். ஆனா தொறந்தான்ல," என்றாள்.

அழுகிறவர்கள் மேல் அவளுக்கு இருந்த ஆத்திரம் தொடரைப் பார்த்து வந்ததல்ல. அடையாற்று ஓரத்தில் பிறந்து வளர்ந்தவள். வீடுகளை இடிக்க வந்த அன்று ஒரு அதிகாரி அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கே மனசு கேக்கலம்மா" என்று கண் கலங்கினாராம். பிறகு திரும்பி ஜேசிபிக்காரனுக்குக் கையைக் காட்டினாராம். அம்மா சாகிற வரைக்கும் அந்த ஆளைத் தங்கமான மனுஷர் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அதுதான் அன்புக்கரசிக்குப் பொறுக்கவில்லை. இடித்த பிறகு கொண்டுபோய்க் குடிவைத்த பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வேலைக்கு வருகிறவள், தாமதமான ஒவ்வொரு நாளும் அந்த ஆளைத்தான் திட்டிக்கொண்டு வருவாள்.

எங்கள் மாடிக்கும் இரண்டு தளபதிகள் வாய்த்தார்கள். முதலில் இருந்த சூப்பர்வைசர் இசக்கிமுத்து, உட்கார்ந்தவளைக் கண்டால் வாடிக்கையாளர் முன்னாலேயே கத்துவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கோர்வான். அவர் போன பிறகு வந்த ஆனந்தகுமார் குரலை உயர்த்தியதே இல்லை. எங்கள் வீட்டு ஆட்களின் பெயரெல்லாம் கேட்டு வைத்திருப்பார். காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கி வந்து கொடுப்பார். அவர் ஏடன். கடைப் பெண்கள் உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டம் வந்தபோது நிர்வாகம் ஸ்டூல்கள் வாங்கியது. கோர்வான் காலத்தில் அவை எங்கே இருந்தனவோ அங்கேயேதான் ஏடன் காலத்திலும் இருந்தன. அலமாரிக்குப் பின்னால், ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து, மேலே சேலைக் கட்டு ஏற்றி.

போன ஆடித் தள்ளுபடியில் சொர்ணத்துக்குக் கால் வீங்கிவிட்டது. கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டாள். "எனக்குத் தெரியாதா தாயி. மொதலாளி கேமராவுல பாக்காவ. இந்தக் கூட்டம் கலையட்டும்," என்றார் ஆனந்தகுமார், நிஜமான வருத்தத்தோடு. ஆடிக் கூட்டம் எங்கே கலையும்? மேல்தட்டிலிருந்து கட்டு எடுக்க ஏணியில் ஏறிய சொர்ணம் தலை சுற்றி விழுந்தாள். வலது கை முறிந்தது. மாவுக்கட்டோடு திரும்பி வந்தவளை, நிற்கவும் முடியாது, இனிச் சேலை விரிக்கவும் முடியாது என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவள் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகள் படிக்கின்றன. யாரோ வழி சொல்ல, தொழிலாளர் துறையில் புகார் கொடுத்தாள். அவளுக்கு வேலை திரும்பக் கிடைப்பது, விசாரிக்க வருகிற அதிகாரியிடம் நாங்கள் என்ன சொல்கிறோம் என்பதில் இருந்தது.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் ஆனந்தகுமார் எங்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டினார்.

"கூடப் பொறந்தவளுவளா நெனச்சிக் கேக்கேன். சொர்ணம் ஸ்டூல்ல உக்காந்துதான் வேல பாத்தா, ஆடி வெள்ளிக்கு விரதம் இருந்தா, அதான் மயக்கம் வந்துட்டுன்னு சொல்லுங்க. இல்லேன்னா என் வேல போயிரும். எம் பிள்ளைக்கு ஆபரேசன் வச்சிருக்கு."

சொல்லும்போதே அழுதார். நடிப்பு இல்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பாதிப் பேர் கூடவே அழுதார்கள். "பாவம்ல," என்றாள் ஜமீலுன்னிசா. அன்புக்கரசி தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

இதையே இசக்கிமுத்து மிரட்டிக் கேட்டிருந்தால் சரி என்று தலையாட்டிவிட்டு மனசுக்குள்ளாவது காறித் துப்பியிருப்போம். இந்த மனுஷர் எங்களைப் பொய்யும் சொல்லச் சொன்னார், அதற்காகத் தன் மேல் இரக்கமும் படச் சொன்னார். கை ஒடிந்தவள் ஒருத்தி வீட்டில் கிடக்கிறாள், இங்கே எல்லாரும் ஏணி மேல் ஏற்றியவருக்காக அழுகிறார்கள். இதில் என்ன ஆழம் வேண்டிக்கிடக்கிறது?

மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே ஸ்டூல்கள் வெளியே வந்தன. துடைத்து, கவுண்டருக்கு ஒன்றாகப் போட்டார்கள். "உக்காருங்க பிள்ளையளா," என்றார். உட்கார்ந்தோம். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தோம். அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. முதல் கவுண்டர் அன்புக்கரசியுடையது.

"தினமும் உட்கார விடுறாங்களாம்மா?"

ஆனந்தகுமார் அன்புக்கரசியைப் பார்த்தார். அவர் கண் அப்போதே கலங்கியிருந்தது.

அவள் ஸ்டூலை விட்டு எழுந்தாள். "இல்ல மேடம். இந்த ஸ்டூலு இன்னிக்குத்தான் வெளிய வந்துச்சு. அந்தப் பொண்ணு உக்கார்றதுக்குக் கேட்டுச்சு, சார் வுடல. காலைலேந்து நின்னுக்கினே இருந்துதான் வியுந்துச்சு. விரதமெல்லாம் ஒண்ணியும் இல்ல."

"நீங்க அவங்களுக்கு ரொம்ப வேண்டியவங்களா?"

"அவகூட எனக்குப் பேச்சே கெடியாது. அவ கஸ்டமர நான்தான் இஸ்துக்குவேன். யார வோணா கேட்டுப் பாருங்கோ."

அடுத்து என்னிடம் வந்தார். நானும் உள்ளதைச் சொன்னேன். ஒருத்தி சொன்ன பிறகு சொல்வதற்குப் பெரிய துணிச்சல் ஒன்றும் தேவைப்படவில்லை.

சொர்ணத்துக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஸ்டூல்களும் அலமாரிக்குப் பின்னால் திரும்பிப் போகவில்லை. அன்புக்கரசிக்கு வேலை போனது. என்னையும் சேர்த்து அனுப்பினால் மறுபடி விசாரணை வரும் என்று என்னை விட்டுவைத்தார்கள். அவள் மேல் சொன்ன குற்றம், நல்ல சேலைகளை ஒளித்து வைக்கிறாள் என்பது. அப்படி ஒளித்து விற்றதில் மாடியின் விற்பனை ஏறி, சூப்பர்வைசருக்குப் பாராட்டு கிடைத்த காலமெல்லாம் கண்ணில் படாத குற்றம் அந்த வாரம் மட்டும் பளிச்சென்று தெரிந்துவிட்டது. அவளை அனுப்பும்போதும் ஆனந்தகுமார் அழுதார்.

அன்று சாப்பாட்டுக் கூடத்தில் என்ன பேசினார்கள் தெரியுமா? சாருக்கு எவ்வளவு சங்கடம், முகமே வாடிப்போச்சு என்று பேசினார்கள். வேலை போனவளைப் பற்றி ஒருத்தி வாயைத் திறந்தாள். "அவளும் லேசுப்பட்டவ இல்ல" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போனைச் சாம்பார் வாளிக்குள்ளேயே போட்டிருப்பேன். லேசுப்பட்டவள் இல்லைதான். அதனால் என்ன? மூடுகிறவனுக்கு நூறு நியாயம் தேடிக் கொடுக்கிறீர்கள், திறந்தவளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறீர்கள். கத்தியே சொல்லிவிட்டேன்.

அன்புக்கரசி இப்போது கடை வாசலுக்கு நேர் எதிரே பிளாட்பாரத்தில் நைட்டி விற்கிறாள். உள்ளே நுழையப் போகிறவர்களை வாசலிலேயே மறித்து இழுக்கிறாள். அந்தப் புத்தி மாறவே இல்லை. சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சொர்ணம் தினமும் டீ வாங்கி அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வருகிறாள். பேச்சு மட்டும் இன்னும் கிடையாது.

போன வாரம் நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது ஆனந்தகுமார் வந்தார். நைட்டிக் குவியலை மறைத்துக்கொண்டு அவளுக்கு நேர் முன்னால் நின்றார்.

"நல்லா இருக்கியாம்மா? படுத்தா ஒன் நெனப்புத்தான். என்னால ஒண்ணும் செய்ய முடியலியேன்னு உள்ளுக்குள்ள அரிச்சிக்கிட்டே இருக்கு," என்றார். கண் நிறைந்துவிட்டது. பழக்க தோஷம், ஒரு நிமிஷம் எனக்கே அவர் மேல் பாவமாக இருந்தது.

அன்புக்கரசி ஒரு நைட்டியை உதறி மடித்து அடுக்கில் வைத்தாள்.

"அயுவாத சார்," என்றாள். "அப்டி ஓரமா நில்லு. காத்து வரட்டும்."