அடுத்த நிகழ்ச்சிக்குப் பத்து சதவீதம்

ஜெபகுமாருக்குப் பிணம் என்றால் பயமில்லை. பேங்க் என்றால் பயம். சேலையூரில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர் அவர். இறந்தவர்களைக் கிடத்தி வைக்கும் அந்தக் கண்ணாடிப் பெட்டிதான். தாம்பரத்திலிருந்து பெரும்பாக்கம் வரை எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் போன் சொந்தக்காரர்களுக்கு, அடுத்த போன் இவருக்கு. சுடுகாட்டு ஓரமாக வண்டியை நிறுத்தி நிம்மதியாக டீ குடிக்கிற மனுஷன், பேங்கிலிருந்து மெசேஜ் வந்தால் மட்டும் தனியாகத் திறக்க மாட்டார். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மனைவி புஷ்பத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் திறப்பார்.

இந்தத் தொழிலுக்கு அவர் ஆசைப்பட்டு வரவில்லை. குரோம்பேட்டையில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தபோது பழைய ஐஸ் பெட்டி ஒன்று வந்தது. கடையில் ஒருத்தரும் தொட மாட்டேன் என்றார்கள். இவர் தொட்டார், கம்ப்ரஸர் ஓடியது. கொண்டுவந்தவர் அதை இவர் தலையிலேயே கட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒரு விஷயத்தில் மட்டும் ஜெபகுமார் தவறியதில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று யாரும் சொல்வதில்லை. நமக்கு அது வழக்கம், அவருக்கு அது பிழைப்பு. பெட்டியை ஏற்றுவார், தலையைக் குனிந்தபடி வண்டியில் உட்காருவார், போய்விடுவார். ஐஸ் பெட்டிக்காரன் வாயிலிருந்து 'வரேன்' என்று வந்தால் எந்த வீடு தாங்கும்?

பணத்தையும் அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. யாராவது மாமாவோ மச்சானோ ஓரமாகக் கூப்பிட்டுக் கையில் வைப்பார்கள். இப்போது எந்த மாமாவிடமும் நோட்டு இல்லை, எல்லாரும் போனை நீட்டுகிறார்கள். தன் சொந்தக் கணக்கிலேயே வாங்கிக்கொண்டிருந்தார். போன வருஷம் எவனோ அனுப்பிய பணத்தில் ஏதோ வில்லங்கம் என்று அந்தக் கணக்கை முடக்கிவிட்டார்கள். வீட்டுக்கு அரிசி வாங்கக் கடன் சொல்லி நின்ற அந்த நாட்களில் வந்ததுதான் இந்தப் பேங்க் பயம். வியாபாரத்துக்கென்று தனியாக ஒரு பேமென்ட் கம்பெனியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பேங்கில் சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டு கம்பெனிகளிலிருந்து ஆள் வந்தார்கள். முதலில் வந்த ஜெனி என்ற பெண் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். கடைசியில், "உங்க தொழில் எங்க லிஸ்ட்லயே இல்ல சார். என்ன செய்றீங்கன்னு நீங்களே விவரமா ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க, மேல அனுப்பி அப்ரூவல் வாங்கறேன்" என்றாள். விவரமாக எழுதினால் விவரமாகக் கேட்பார்கள், கேட்டால் மறுபடி முடக்குவார்கள் என்று ஜெபகுமார் பயந்தார். யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டார்.

அடுத்து வந்தவன் ஆஸ்டின். சிரித்த முகம், கேள்வியே கிடையாது. வந்ததும் வராததுமாக க்யூஆர் ஸ்டிக்கரைப் பெட்டியின் கண்ணாடியில் ஒட்டப் போனான். ஜெபகுமார் பதறிப்போய்த் தடுத்தார். பணம் வந்ததைக் கூவிச் சொல்லும் குட்டி ஸ்பீக்கரை எடுத்து நீட்டினான்.

"சாவு வீட்ல இதைக் கூவ விட்டா, என்னையும் அதே பெட்டியில படுக்க வெச்சிடுவாங்க தம்பி" என்றார்.

"அப்ப ஒண்ணும் வேணாம் சார். கஸ்டமர் போனுக்கு லிங்க் அனுப்புங்க. தொட்டாங்கன்னா பணம் வந்துடும், சத்தமே இருக்காது. தொழில் என்னன்னு போடறது? 'வாடகை, விழா நிகழ்ச்சிகள்'னு ஒண்ணு இருக்கு. பந்தல்காரங்க எல்லாம் அதுலதான் வராங்க."

"அதைப் போட்டா கேள்வி வராதே?"

"வரவே வராது சார்."

"அப்ப அதையே போடுப்பா. பேரு ஜே.கே. சர்வீசஸ்னு போட்டுக்க."

கண்ணில் படுவதையும் காதில் விழுவதையும் யோசித்துத் தடுத்துவிட்டோம் என்று அன்றைக்கு அவருக்கு ஒரே திருப்தி. புஷ்பத்திடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். பயந்தவன் கேள்வி கேட்காத இடமாகப் பார்த்துத்தான் போய் விழுவான், அந்தப் புத்தி அப்போது அவருக்கு வரவில்லை.

முதல் லிங்க் பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் போனது. இறந்தவர் ரத்தினம், வயதானவர், நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே ஷாமியானா போட்டு, அதற்குக் கீழே பெட்டி. மகன் சுகுமார் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன், ஒவ்வொரு கையும் ஒரு மூட்டை கனம் இருக்கும். அப்பாவின் போனில்தான் பணம் இருந்தது. அதில் வந்த லிங்க்கைத் தொட்டுப் பணம் கட்டிவிட்டு, போனை அம்மா எல்லம்மாவின் மடியில் போட்டுவிட்டு, பாடையைத் தோளில் ஏந்திப் போனான். ஆண்கள் எல்லாரும் பின்னாலேயே போய்விட்டார்கள். பெண்கள் மட்டும் ஷாமியானாவில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு நடுவே காலிப் பெட்டி.

பெட்டியைத் தூக்க நாலு பேர் வேண்டும். அவர்கள் திரும்பி வரட்டும் என்று வண்டியில் சாய்ந்தபடி ஜெபகுமார் போனை எடுத்துப் பார்த்தார். பணம் வந்திருந்தது. அதற்குக் கீழே, கஸ்டமருக்குக் கம்பெனி அனுப்பிய செய்தியின் நகல்.

'அன்புள்ள ரத்தினம், உங்கள் நிகழ்ச்சி இனிதே நடைபெற வாழ்த்துகள்! ஜே.கே. சர்வீசஸ் விரைவில் உங்களை மீண்டும் சந்திக்கக் காத்திருக்கிறது. உங்கள் அடுத்த நிகழ்ச்சிக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி!' ஓரத்தில் ரெண்டு பலூன்.

ஜெபகுமார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். திரும்பப் படித்தார். இத்தனை வருஷம் வாயைக் கட்டி வைத்திருந்தவர் பெயரில், ஒரு மிஷின் சாவு வீட்டுக்கு மறுபடி வருகிறேன் என்று சொல்லியிருந்தது. வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி ஆஸ்டினைக் கூப்பிட்டார்.

"அது ஆட்டோமேட்டிக் சார். விழான்னு போட்டிருக்கோம்ல? அதான் போயிருக்கு."

"திரும்ப எடுப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"போனது போனதுதான் சார். சாயந்தரம் எத்தனை ஸ்டார்னு ஒண்ணு கேக்கும், அதை வேணா நிறுத்தப் பாக்கறேன்."

போனை வைத்ததும் கால் தன்னால் வண்டிக் கதவுப் பக்கம் போனது. ஓடிவிடலாம். பெட்டி? அதை விட்டுவிட்டு ஓடினால் நாளைக்குத் தாம்பரம் முழுக்கப் பேச்சாகிவிடும், இந்தச் செய்தி பரவினாலும் அதே கதிதான். சுகுமாரின் கைகள் கண்முன் வந்தன. இயேசப்பா, அந்தம்மா போனைப் பார்க்காமல் இருக்கணும் என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றார்.

"யப்பா, ஐஸ் பொட்டிக்காரரே! கண்ணாடி போட்டுகினுகீறியே, இங்க வா." எல்லம்மாதான் கூப்பிட்டாள். "எங்கூட்டுக்காரரு போனு அப்பவே டிங்குன்னுச்சு. இன்னான்னு படிச்சு சொல்லு."

போய் வாங்கினார். பலூன் பளிச்சென்று தெரிந்தது. ஒரே அழுத்து, அழிந்துவிடும். அழித்துவிட்டு, 'ஒண்ணுமில்லம்மா, விளம்பரம்' என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது?

அவர் படிக்காமல் நிற்பதைப் பார்த்து எல்லம்மா பயந்துவிட்டாள். "ஆஸ்பத்திரிலேந்தா? இன்னும் துட்டு கேக்குறாங்களா? மறைக்காத, சொல்லிடு. இன்னாத்த வித்து கட்டுவேன் நானு?"

இந்தப் பயம் ஜெபகுமாருக்குத் தெரிந்த பயம். புஷ்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் மெசேஜ் திறப்பாரே, அதே பயம். ஒண்ணுமில்லை என்று யார் சொன்னாலும் அது போகாது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால்தான் போகும்.

"ஆஸ்பத்திரி இல்லம்மா. நீங்க யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்ல. இது எங்கிட்டேர்ந்து வந்தது. தப்பா வந்திருக்கு."

"இன்னா தப்பு? படி."

படித்தார். வாழ்த்துகளையும் விடவில்லை, தள்ளுபடியையும் விடவில்லை. அதே நேரம் பின்னாலிருந்து ஈரக் கை ஒன்று அவர் சட்டைக் காலரைப் பிடித்தது. சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்த சுகுமார், கடைசி வரியைக் கேட்டுவிட்டான்.

"யோவ், இன்னாயா படிச்ச? அடுத்த நிகழ்ச்சியா? எங்கூட்ல அடுத்து யாருயா?"

கேட்டது சுகுமார். ஆனால் அங்கே இருந்த அத்தனை பேர் கண்ணும் எல்லம்மா பக்கம்தான் திரும்பியது. ஜெபகுமார் கண்ணை மூடிக்கொண்டார். முதல் அடி எங்கே விழும் என்பதுதான் அப்போது அவருடைய ஒரே யோசனை.

"வுடுடா அவர" என்றாள் எல்லம்மா. "அடுத்து நான்தான். இதுல கோச்சிக்க இன்னா கீது? மறைக்காம படிச்சு சொன்னாரு. உங்கப்பன் கறிக்கடைல கூட பேரம் பேசாம வந்ததில்ல. பத்து பர்சன்ட் கம்மின்னு காதுல வுழுந்திருந்தா எழுந்து உக்காந்திருப்பாரு. அத்த எம்பேருக்கு எழுதி வெச்சிக்கச் சொல்லு."

யாரோ ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வந்து, சிரித்த வேகத்திலேயே அது அழுகையாகிவிட்டது. சுகுமாரின் கை காலரை விட்டது. அப்பா போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், அம்மா மடியில் தலையை வைத்து ஓவென்று அழுதான். அவன் அழுது முடிக்கும்வரை ஜெபகுமார் கசங்கிய காலரோடு அங்கேயே நின்றார்.

பிறகு அவனே மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்து பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான். அவர்கள் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது ஜெபகுமார் ஜெனிக்குப் போன் போட்டார். "நீ கேட்ட லெட்டரை நான் எழுதித் தரேன்மா. என்ன தொழில்னு மறைக்காம எழுதறேன். எத்தனை கேள்வி வேணா கேளு" என்றார். குரல் தன்னுடையது மாதிரியே அவருக்குத் தோன்றவில்லை.

வழக்கம்போலத் தலையைக் குனிந்தபடி வண்டியில் ஏறினார். சாவி போடும்போது எல்லம்மா ஷாமியானாவிலிருந்து கையைத் தூக்கினாள்.

"போய்ட்டு வாப்பா."

கூட்டமே அவள் பக்கம் திரும்பிப் பார்த்தது. அந்த வார்த்தையை எந்தச் சாவு வீட்டிலும் யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஜெபகுமார் தலையை நிமிர்த்தி அந்தம்மாவைப் பார்த்தார். கண்ணாடிக்குள் எல்லாம் மங்கலாகிவிட்டது.

"வர மாட்டேம்மா" என்றார்.