எண்ணெய்க்கு அடியில் நின்ற நீர்

எங்கள் பித்தளைப் பம்ப் அடுப்பின் எண்ணெய்த் தொட்டிக்கு ஒரு சின்ன மூடி உண்டு. ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக வெட்டியிருக்கும். இரண்டு விரலால் பிடித்துத் திருக வேண்டும். எரிவாயு இப்போது தாராளமாகக் கிடைப்பதால் அந்த அடுப்புக்கு வேலை குறைவு. ஆனாலும் வைகாசியில் அம்மன் சடங்கு வந்தால் நான்தான் அதைப் பரணிலிருந்து இறக்கித் துடைக்கிறேன். மூடியைத் திருகியதும் மண்ணெண்ணெய் வாசத்தோடு என் மாமியின் முகமும் எண்ணெய் விற்கிற மனிசன் எண்ணெய்க் காக்காவின் முகமும் சேர்ந்தே வரும். இரண்டு முகத்தையும் நேராகப் பார்க்க எனக்கு இன்னும் கூச்சந்தான்.

நான் மண்டூரில் பிறந்தவன். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடிந்ததும் மனைவியின் வீட்டுக்கு, பெரியகல்லாற்றுக்கு, வந்துவிட்டேன். வாவியில் வலை போட்டுப் பிழைப்பு. பின்னறையில் மாமி, மனைவியின் தாய், இருந்தார். பழைய முறையைக் கடைசிவரை விடாத மனிசி. மருமகன் முன்னால் வந்து நிற்க மாட்டார், முகம் பார்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார். மகள் இல்லாவிட்டால் கதவிடம். கதவும் சாத்தியிருந்தால் பூனையிடம்.

"என்ன பூனே, இந்த வீட்டு ஆம்புளைக்கு மழை தூறுறது தெரியல்லையாகா? கொடியில உடுப்பெல்லாம் நனையுது" என்பார். நான் எழும்பிப் போய் உடுப்பை எடுப்பேன். "பூனை சொன்னா மட்டும் உடன கேப்பார்" என்று மனைவி சிரிப்பாள். ஒரே சோற்றுப்பானையில் உண்டு, ஒரே சாமியறையில் விழுந்து கும்பிட்டு, இத்தனை வருடம் நாங்கள் இப்படித்தான் பேசிக்கொண்டோம்.

நாடெங்கும் எரிவாயு இல்லாமல் போன அந்த மாரியில் விறகும் நனைந்து கிடந்தது. மாமியின் பழைய பம்ப் அடுப்பைத் தேடி எடுத்தோம். மண்ணெண்ணெயும் லேசில் அகப்படவில்லை. தெற்கே அயலூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு எண்ணெய்க் காக்கா மட்டும் வருவார். முஸ்லிம் மனிசன்; அவர்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். வேறெங்காவது இதைவிடக் கூடின விலைக்குக் கொடுத்திருக்கலாம். அவரோ எங்கள் தெருப் பழைய வாடிக்கைக்காரருக்கென்று வீட்டுக்கு ஒரு போத்தலாவது வைத்திருப்பார். புனலைப் பிடித்து ஊற்றிக்கொண்டே, "என்ன மாப்புள, மாமி இண்டைக்காவது கதைச்சாவா?" என்று என்னைச் சீண்டுவார். உள்ளேயிருந்து மாமி கதவைப் பார்த்து, "காக்காட வாய்க்கும் ஒரு மூடி போடச் சொல்லு" என்பார். காக்கா விழுந்து விழுந்து சிரிப்பார்.

அடுப்புத்தான் பற்ற மறுத்தது. கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கிப் பம்ப் அடித்தால் நீலமாக ஒரு சுவாலை எழும்பும். அப்பாடா என்று பானையை வைப்பதற்குள் படபடவென்று வெடித்து, மஞ்சளாகிப் புகைந்து அணைந்துவிடும். நான் வாவியால் வந்து பார்க்கும்போது பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள், மனைவியின் கண் புகையில் சிவந்திருக்கும். நிப்பிளை ஊசியால் குத்திப் பார்த்தேன். பம்பின் தோல் வாசரைக் கழற்றித் தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டு மாட்டினேன். திரும்பவும் நீலம், படபடப்பு, புகை. கடைசியில் தொட்டியிலிருந்த எண்ணெயை ஒரு கண்ணாடிப் போத்தலில் கவிழ்த்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். எண்ணெய்க்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் உருண்டு நின்றது. தொட்டிக் குழாய் அடியிலிருந்துதான் உறிஞ்சும்; நெருப்புக்கு முதலில் போனது அந்தத் தண்ணீர்.

போத்தலோடு தெருவுக்குப் போனேன். "பாருங்க, எண்ணெயில தண்ணி! காக்கா தண்ணி கலந்து விக்கிறார்!" என்று கத்தினேன். வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிற கோயிலடியில் வளர்ந்தவன் நான். சாமிக்கு முன்னால் மூச்சும் படக்கூடாது என்று கட்டுகிற அந்த வாயைச் சிறு வயதிலிருந்து பார்த்து வந்தவன். அன்றைக்கு என் வாயைக் கட்ட எனக்குத் தெரியாமல் போயிற்று. வீட்டுக்குள் மாமி கதவிடம், "அந்த மனிசன் அப்பிடிச் செய்யிற ஆளில்ல" என்று சொன்னது கேட்டது. கதவுக்குச் சொன்னதுதானே என்று விட்டுவிட்டேன்.

எல்லாருக்கும் இல்லாமை. எல்லார் மனதிலும் எரிச்சல். சொல் பற்றிக்கொள்ள ஸ்பிரிட் தேவைப்படவில்லை. அடுத்த முறை காக்கா வந்தபோது ஒரு வீட்டு வாசற்படலையும் திறக்கவில்லை. "உங்கட ஆக்கள் எப்பவும் இப்பிடித்தான்" என்று ஒருவர் வேலிக்கு மேலால் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். காக்கா என்னிடம் வந்தார்.

"மாப்புள, அல்லாஹ்வுக்காகச் சொல்றன், நான் கலக்கல்ல. உங்கட கண்ணுக்கு முன்னால ஊத்திறன், பாருங்க."

கேனிலிருந்து போத்தலில் ஊற்றிக் காட்டினார். துளித் தண்ணீர் இல்லை. "இண்டைக்கு நல்லதக் கொண்டந்திரிக்கிறீங்க" என்றேன் நான். அவர் போத்தல் எண்ணெயைக் கேனில் திரும்ப ஊற்றினார். பிறகு புனலைத் துடைத்துக் கேனில் கொழுவிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்குள் திரும்பவில்லை.

பிறகு நானே எண்ணெய் செட்டில், எரிபொருள் நிலையத்தில், வரிசையில் நின்று வாங்கி வந்து ஊற்றினேன். அதுவும் அணைந்தது. கவிழ்த்துப் பார்த்தால் அதிலும் தண்ணீர். தொட்டியில் ஓட்டையென்றால் எண்ணெய் வெளியே போக வேண்டும், தண்ணீர் எப்படி உள்ளே வரும்? ஒன்றும் விளங்கவில்லை. ஒரு நாள் காற்றுக்குப் பயந்து வாவிக்குப் போகாமல் வீட்டில் நின்றேன். விடிய மாமி குசினிக்குள் வந்தார். அடுப்பு மூடியைத் திருகித் திறந்தார். சாமியறையிலிருந்த குளிர்த்தித் தீர்த்தப் போத்தலை, சடங்கு முடிவில் அம்மனைக் குளிர்வித்துக் கொடுக்கிற தீர்த்தத்தை, எடுத்து, கண்ணை மூடி, "தாயே, குளிர்ந்து நில். எண்ட புள்ளைகள எரிச்சுப் போடாத" என்று சொல்லிச் சில துளியைத் தொட்டிக்குள் விட்டார்.

அங்கே அடுப்பு வெடித்தது, இங்கே வெடித்தது என்று கதை வந்த காலம் அது. கண்ணகை அம்மனின் கோபத்தீயையே ஆற்றுகிற தீர்த்தம் ஒரு அடுப்பை ஆற்றாதா? அவர் பயமும் அன்பும் அந்தப் போத்தலுக்குள் இருந்தன. தண்ணீர், தண்ணீர் என்று நான் ஊரைக் கூட்டியபோதும் அவருக்கு உறைக்கவில்லை. தீர்த்தத்தை அவர் ஒரு நாளும் தண்ணீர் என்று நினைத்ததில்லை. "அடுப்புக்குள்ள ஆராவது ஏதாவது விட்டீங்களா?" என்று நான் ஒரு தரம் கேட்டிருந்தால் கதவிடமாவது சொல்லியிருப்பார். வீட்டுக்குள் கேட்க வேண்டியதைத் தெருவில் போய்ச் சொன்னேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் தாயிடம் சொன்னாள். பிறகு மாமி வந்தார். மகளைக் கூப்பிடவில்லை, கதவைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் முன்னால் நின்று, "மருமகன், பிழை எண்ட. காக்காட்டப் போய்ச் சொல்லுங்க" என்றார். அதுதான் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

"நாளைக்குப் போறன் மாமி" என்றேன். நாளைக்குக் காற்று. மறுநாள் வலை கிழிசல். எங்கள் சாமித் தண்ணீரால் வந்த வினை என்று காக்காவிடம் சொன்னால் நம் சமயத்துக்குத்தானே இழிவு என்று எனக்கு நானே பக்தியான ஒரு சாட்டும் சொல்லிக்கொண்டேன். அம்மாள் பேரைச் சாட்டி என் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

மாமி காத்திருந்து பார்த்தார். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் காக்கா வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று அழுதாராம். காக்கா கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்து, "அக்கா, நீங்க புள்ளைகளக் காக்கத்தானே விட்டீங்க. அதுல என்ன குத்தம்?" என்றாராம். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். திரும்பி வந்த மாமி எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய், "எண்ணெய்க்க தண்ணி விட்டது நான்தான். அந்த மனிசன் சுத்தம்" என்று சொன்னார். "கிழவிக்கு வயசு போய் அறளை பேந்திட்டு, புத்தி தடுமாறுது" என்று சிரித்தார்கள். வளவுக்குள் வலை பொத்திக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சிரிப்பு ஒவ்வொரு வேலியாகத் தாண்டி வருவது கேட்டது. எழும்பிப் போய், "கத்தினது நான்தான்" என்று ஒரு சொல் சொல்லவில்லை. அவர் தன் துளிகளுக்கும் என் நாக்குக்கும் சேர்த்தே சிரிப்பு வாங்கினார்.

அதன் பிறகு மாமி என்னோடு நேராகத்தான் பேசினார். "சாப்பிடுங்க மருமகன்" என்பார். பூனையிடம் பேசிய காலமே எனக்கு லேசாக இருந்தது. போன மாரியில் அவர் அம்மாள் காலடிக்குப் போய்விட்டார்.

காக்காவைப் பிரதான வீதியில் இப்போதும் காண்பேன். எங்கள் தெரு முனையில் வண்டியை மெதுவாக்கி, "என்ன மாப்புள, அடுப்புப் பத்துதா?" என்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார். "பத்துது காக்கா" என்பேன். அவர் போய்விடுவார், தெருவுக்குள் வண்டியைத் திருப்பாமல்.

இந்த வைகாசியும் குளிர்த்தி முடிந்து தீர்த்தம் கொண்டுவந்து சாமியறையில் வைத்தேன். அடுப்பை இறக்கி, மூடியைத் திருகி, பழைய எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் கவிழ்த்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். அடிவரை தெளிவாக இருந்தது. ஒரு முத்தும் இல்லை. அன்றைக்குச் சொல்லாததை இன்றாவது சொல்லலாமென்று படலைவரைக்கும் அந்தப் போத்தலோடு நடந்தேன். தெருவில் ஆட்கள் நின்றார்கள், "என்ன, கையில எண்ணெயோ?" என்று ஒருவர் கேட்டார். "ஓம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, எண்ணெயைத் தொட்டியில் விட்டு மூடியை இறுக்கினேன்.