அத்தை வித்த காப்பி இலை டீ

அத்தே, நீ போயிட்ட. உன் கடைப் பலகை மட்டும் இன்னும் தொங்குது. அதுல நீ எழுதிவெச்சிருந்தது: "காப்பி இலை டீ. பிபி, சுகர், மூட்டுவலி எல்லாத்துக்கும் நல்லது."

தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். இவங்க எங்கப்பாவோட அக்கா. அம்மா இல்லாத என்னை வளத்தவங்க. அடி அண்ணாமலையில, கிரிவலம் சுத்தற ரோட்டோரம் டீக்கடை வெச்சிருந்தாங்க.

பொழுதுக்கும் காப்பி குடிக்கற ஆளு நீ. ஆஸ்பத்திரியில "பிபி ஜாஸ்தி, காப்பிய கம்மி பண்ணுமா, மாத்திரைய விட்டுடாத"ன்னாங்க. அந்த நேரம் பாத்து, ஜவ்வாது மலையிலர்ந்து தேன் கொண்டாந்து விக்கறவரு, பிபிக்கு நல்லதுன்னு காப்பிச்செடி இலைய குடுத்தாரு. காயவெச்சு, இஞ்சி தட்டிப்போட்டு கொதிக்கவெச்ச. பொய் சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு. கடையிலயும் விக்க ஆரம்பிச்ச. மலை சுத்த வர்ற வெள்ளைக்காரங்க எல்லாம் களைப்பு போவுதுன்னு கேட்டு வாங்கிக் குடிச்சாங்க. போவாம என்னா? காப்பிக்கொட்டையில இருக்கற அதே காஃபின் இலையிலயும் கொஞ்சம் இருக்குன்னு மருந்துக்கடை அண்ணன் சொன்னாரு.

நான் வந்து சொன்னதுக்கு, "அது கொட்டைடி, இது இலை. இலை என்னா பண்ணும்?"ன்ன.

"கஞ்சாகூட இலைதான் அத்தே."

"வாயப் பாரு. போய் கிளாஸ கழுவு."

அத்தோட விட்டியா? மூலிகையும் இங்கிலீஷ் மருந்தும் வயித்துக்குள்ள சண்ட போட்டுக்கும்னு மாத்திரைய நிறுத்திட்ட. நான் நீட்டினா வாங்கி முந்தானையில முடிஞ்சுக்குவ. தலை சுத்துதுன்னா இன்னொரு கிளாஸ் இலை டீ.

ஒரு காலையில அடுப்ப பத்தவெக்கறப்பவே சாஞ்சுட்ட. மூளையில ரத்தக்கசிவாம். "இலை ஒண்ணும் பண்ணலமா, மாத்திரைய நிறுத்தனதுதான்"ன்னாரு டாக்டரு.

துக்கத்துக்கு வந்த ஒரு அம்மா என்னைக் கட்டிப்புடிச்சு அழுதுட்டு, மூக்க சிந்திட்டு கேட்டாங்க: "ஏம்மா, உங்கத்தை ஒரு பிபி டீ விக்குமே, அந்த இலை கொஞ்சம் கெடைக்குமா?"

காரியத்தன்னிக்குப் படையல்ல உனக்குப் புடிச்சத வெக்கணுமே. "இலை டீ வெய்யி, கடைசியா அதத்தான குடிச்சுது"ன்னாரு சித்தப்பா. நான் காப்பி வெச்சேன். டிகாஷன் திக்கா, சக்கர ஜாஸ்தியா. இனிமே உனக்கு எவன் பிபி பாக்கப்போறான்?

பலகையில இருந்த பிபி, சுகர் எல்லாத்தையும் போன வாரம் அழிச்சுட்டேன். "மாத்திரைய நிறுத்தாதீங்க. மாசமா இருக்கறவங்க, நெஞ்சு படபடப்பு இருக்கறவங்க டாக்டர கேட்டுட்டு குடிங்க"ன்னு எழுதியிருக்கேன். வியாபாரம் படுத்துடுச்சு அத்தே. நீ இருந்தா தொடப்பத்த தூக்கியிருப்ப.

பௌர்ணமிக்கு மலை சுத்த வர்றவங்க எல்லாரும் எங்க அத்தைக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கோங்க. உங்க மாத்திரைய போட்டுட்டு வேண்டிக்கோங்க.