நாய்த் தீனித் தலைப்பில் ஒரு ரயில் டிக்கெட்

1. எஸ்டிமேட்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கோயம்புத்தூர்ப் பக்கம் துடியலூர் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்த ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதினேன். சேர்ந்த இரண்டாம் மாதம் எனக்குக் கிடைத்த முதல் தனிப் பொறுப்பு ஒரு நாய். பஞ்சுக் கொடவுனுக்குக் காவல் வேண்டும் என்று முதலாளி ஊட்டியிலிருந்து அல்சேஷன் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். வருஷத்துக்கு அதற்கு என்ன ஆகும் என்று எஸ்டிமேட் போடச் சொன்னார் ஹெட் கிளார்க்.

முதலாளி விவசாயத் தோட்டத்தில் வளர்ந்தவர். "நாய்க்கு என்னுங்க செலவு? மிஞ்சுனதப் போட்டா தின்னுபோட்டுக் கெடக்குது" என்றார். தோட்டத்தில் மிஞ்சும். மில்லில் எது மிஞ்சும்? தொழிலாளிகள் தூக்குப்போசியை வழித்துத் தின்றுவிட்டுத்தான் கழுவுவார்கள். அதை எடுத்துச் சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

ராகி மாவு, பால், எலும்பு, சங்கிலி, கழுத்துப் பட்டை, கார்பாலிக் சோப்பு, மாட்டு டாக்டர் ஃபீஸ் என்று எழுதிக்கொண்டே போனேன். கடைசியாக ஒரு வரி: கடிபட்டவர் வைத்தியம். இது வேறு யாருக்கும் தோன்றியிருக்காது என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் கூட.

முதலாளியின் விரல் அந்த வரியில்தான் நின்றது.

"ஏனுங்க தம்பி, புள்ளையார் சுழி போட்டு, அதுக்குக் கீழ நம்ம நாய் கடிக்கும்னு நாமளே எழுதி வெக்கறதுங்களா? அச்சானியமா இருக்குதுங்க. அடிச்சுப்போடுங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக் கல்யாணச் செலவுப் பட்டியலிலும் யாரும் டாக்டர் பணம் எழுதியதில்லை. ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் இனிஷியலும் போட்டேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம். வேலை புதுசு, பேசவில்லை.

2. ஷிஃப்ட் மாறும் நேரம்

நான்கு மாதம் கழித்து, காலை ஷிஃப்டுக்கு வந்த மாராத்தாளைக் கேட்டுக்குள்ளேயே நாய் கடித்துவிட்டது. நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதியில் வேலை செய்தவள், இரண்டு குழந்தைக்காரி. கெண்டைக்காலில் நல்ல கடி. டாக்டர் பார்த்துவிட்டு, குன்னூர் வெறிநாய்க்கடி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதினாலு நாள் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். நாயைக் கட்டிப் போட்டு, வேளைக்குத் தீனி வைத்துப் பத்து நாள் கவனிக்க வேண்டும், செத்துப்போனால் உடனே குன்னூருக்குத் தந்தி அடிக்க வேண்டும் என்றார்.

முதலாளி பஞ்சு வாங்க பம்பாய் போயிருந்தார். ஹெட் கிளார்க் எஸ்டிமேட்டை எடுத்து மேலிருந்து கீழ் வரை விரலை ஓட்டினார். பாலக்காட்டுக்காரர், நல்ல மனுஷர்தான், ஆனால் சாங்ஷன் இல்லாமல் தும்மக்கூட மாட்டார்.

"இதுக்குத் தலைப்பே இல்லையே ஓய். எதுல எழுதறது? முதலாளி வரட்டும்."

மாராத்தாள் காலில் துணி சுற்றிக்கொண்டு ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"வெசம் ஏறுறதுக்குள்ள போவோணுமுங்க. புள்ளைகளப் பக்கத்தூட்டுல உட்டுப்போட்டு வாரேன். காசு மட்டும் குடுங்க" என்றாள்.

மூன்று மாதத் தீனிப் பணம் என் மேஜையில் இருந்தது. வைத்தியத்துக்குத் தலைப்பு இல்லை, தீனிக்கு இருக்கிறது. பத்து நாளைக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை அவளிடம் கொடுத்தேன். நாய்த் தீனி என்று தலைப்பிட்டு, அவள் பெயருக்கு வவுச்சர் எழுதினேன். மறுநாள் அவள் மலை ரயில் ஏறினாள். எனக்கு என் சாமர்த்தியத்தை நினைத்து ஒரே பெருமை.

அதன் பிறகு தினமும் காலையில் நாயைப் பார்க்கப் போவேன். தண்ணீர் குடிக்கிறதா, ஒளியைக் கண்டு ஒதுங்குகிறதா என்று நின்று பார்ப்பேன். பத்து நாளும் அது வயிறாரச் சாப்பிட்டது, எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

3. படித்துக் காட்டியது

நாயும் பிழைத்தது, மாராத்தாளும் ஊசி முடிந்து திரும்பினாள். முதலாளி பேரேட்டைப் புரட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, இந்த மாசம் நம்ம நாய் இத்தனையா தின்னுச்சு?"

நடந்ததைச் சொன்னேன். ஹெட் கிளார்க் கூரையைப் பார்த்தார். வராத நாளுக்குக் கூலி உண்டா என்று கேட்க வந்த மாராத்தாள் வாசலில் நின்றிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"எம்பட பேரு அதுல எப்படிங்க எழுதியிருக்குது? படிங்க, கேக்கறேன்" என்றாள்.

படித்தேன். "நாய்த் தீனி. மாராத்தாள். ரயில் சார்ஜ், சாப்பாடு."

கோபமே இல்லாமல் கேட்டாள்: "அப்ப நாயி என்னையத் தின்னுபோட்டதுன்னு எழுதி வெச்சிருக்கறீங்களா?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதலாளி பேரேட்டை என் பக்கம் தள்ளினார். "அத அடிச்சுப்போட்டு, வைத்தியம்னு அம்மணி பேருக்குத் தனியா எழுதுங்க. பதினாலு நாள் கூலியும் குடுத்துப்போடுங்க. அன்னிக்கு அந்த வரிய அடிக்கச் சொன்னேன் பாருங்க, நாஞ்சொன்னதுதான் தப்பு" என்றார்.

பிறகு எத்தனையோ பட்ஜெட் போட்டேன். முடித்ததும், ஒவ்வொரு வரியும் யாரைப் பற்றியதோ அந்த ஆள் எதிரில் நிற்பதாக நினைத்து வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். படிக்க நாக்கு கூசினால் கிழித்துவிட்டு மறுபடி போடுவேன். புதிதாகக் கணக்கு எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

மாராத்தாள் கூலியை வாங்கிக்கொண்டாள். ஆனால் நான் அந்த மில்லில் இருந்த வரை அவள் நாய் கட்டிக் கிடந்த முன் கேட் வழியாக வரவில்லை. தினமும் பின்பக்கம் சாம்பல் கொட்டும் வழியாகச் சுற்றிக்கொண்டு, மற்றவர்களைவிடக் கால் மணி முன்னதாக வீட்டிலிருந்து கிளம்பி வந்தாள்.